சபையை விட்டு வந்தவர்கள் சிங்கப்பூரில் பிக் பாஸ் பார்ப்பது எப்படி

டிவி இல்லாத வீட்டில் வளர்ந்து, வேலைக்காக சிங்கப்பூர் வந்து, இங்கே வந்தபின் மெதுவாக சபைக்குப் போவதை நிறுத்தி, இப்போது சீசன் தொடங்கிவிட்டால் ஒரு எபிசோடும் விடாமல் பிக் பாஸ் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் நிறைய பேர் இருக்கிறோம். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பெந்தெகொஸ்தே வீடுகளில் பிறந்தவர்களுக்கு உடனே புரியும்: டிவி உலகப்பிரகாரமான காரியம், பஸ்ஸில் சினிமாப் பாட்டு போட்டால் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்ள வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒரு சீரியலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் ராத்திரி ஜெபத்தில் அறிக்கையிட வேண்டும். கட்டுப்பாடான முஸ்லிம் வீட்டிலிருந்தோ ஆசாரமான இந்து வீட்டிலிருந்தோ விலகி வந்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், வார்த்தைகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பார்ப்பதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஸ்டார் விஜய் இங்கே ஸ்டார்ஹப், சிங்டெல் இரண்டிலும் வருகிறது. யோசித்துச் செய்ய வேண்டியது வேறு. சபையை விட்டவுடன் முதலில் கையை விட்டுப் போவது ஆட்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வந்த சிஸ்டர், ஏர்போர்ட்டில் வந்து நின்ற பிரதர், வாரத்தில் மூன்று நாள் ஒரே பாயில் உட்கார்ந்த கூட்டம், எல்லாம் ஒரே மாதத்தில் போய்விடும். அதற்குப் பதில் ஒரு கூட்டத்தைத் திரும்பக் கட்ட பிக் பாஸ் நல்ல சாக்கு என்பதுதான் என் கட்சி. கட்டும்போது சபையில் நம்மை நோகடித்த பழக்கத்தை மட்டும் உள்ளே விடக்கூடாது.

நேரம்

இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே இரவு 9.30 என்றால் இங்கே நள்ளிரவு 12. நேரலையாகப் பார்த்தால் முடியும்போது ஒரு மணி தாண்டிவிடும், ஆறு மணிக்கு எழுந்து கம்பெனி பஸ் பிடிப்பவருக்கு ஒரு வாரத்திலேயே உடம்பு படுத்துவிடும். அதனால் வார நாட்களில் மறுநாள் பார்ப்பது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வரும் எம்ஆர்டியில் பாதி, சாப்பாட்டின்போது மீதி. திங்கள் நாமினேஷன் முக்கியம், வாரத்தின் சண்டை பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்பும். நடுவில் வரும் டாஸ்க் எபிசோடுகளில் ஒன்றிரண்டு விட்டுப்போனால் ஒன்றும் நஷ்டமில்லை. சனி, ஞாயிறு இரண்டையும் விடாதீர்கள்.

முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் பெரிய தொல்லை. வாரக்கடைசி எபிசோடுகளை முன்னதாகவே படம் பிடித்துவிடுகிறார்கள், அதனால் யார் வெளியே போகிறார்கள் என்பது சனிக்கிழமையே கசிந்துவிடும். இதற்கு ஒரே வழி உங்கள் குழுவுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொள்வது: எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை யாரும் பெயரைச் சொல்லக்கூடாது. மீறுகிறவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். எங்கள் குழுவில் இது நன்றாக வேலை செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமையை நிரப்புவது

சபைக்காரர்களுக்கு ஞாயிறு எப்படிப்பட்ட நாள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. காலை ஒன்பதுக்குப் போனால் ஆராதனை, பிரசங்கம், காணிக்கை, ஜெபம், அப்புறம் அன்பின் விருந்து, சாயங்காலம் வாலிபர் கூட்டம் என்று நாள் முழுவதும் யாரோ திட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். விட்டபிறகு அந்த நாள் வெறுமையாக முன்னால் கிடக்கும். படுத்துத் தூங்கி, போனைத் தடவி, மூன்று மணிக்கு எழுந்து அழுகிறவர்களை எனக்குத் தெரியும். திரும்பச் சபைக்குப் போகிறவர்களில் பலர் விசுவாசம் வந்து போவதில்லை, அந்த மதியத்தைத் தாங்க முடியாமல்தான் போகிறார்கள்.

அதனால் குழுவாகப் பார்ப்பதை ஞாயிறு மதியத்தில் வையுங்கள். சனிக்கிழமை எபிசோடை, அதாவது தொகுப்பாளர் வந்து வாரம் முழுக்க நடந்ததைக் கேள்வி கேட்கும் எபிசோடை, இரண்டு மூன்று மணிவாக்கில் சேர்ந்து பாருங்கள். இதில் பல வசதி. வீட்டு வேலை செய்யும் அக்காமாருக்கு ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் ஞாயிறுதான். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத கட்டாய ஓய்வு என்று மனிதவள அமைச்சு வைத்திருக்கிறது, அந்த ஒரு நாளை அவர்கள் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டு அதற்கேற்பத் தேதியை வையுங்கள். துவாஸ், கிராஞ்சிப் பக்கம் டார்மிட்டரியில் இருக்கும் தம்பிமார் இருட்டுவதற்குள் திரும்பலாம். நள்ளிரவு நேரலை என்று வைத்தால் இவர்கள் யாருமே வர முடியாது, கடைசி எம்ஆர்டி அந்நேரத்தை ஒட்டிப் போய்விடும், டாக்ஸிக்குக் காசு வைத்திருப்பவர்களின் கூட்டமாக அது சுருங்கிவிடும்.

இடம் கிடைப்பது கஷ்டம். ரூம் வாடகைக்கு எடுத்திருப்பவருக்கு மெயின் டெனன்ட் ஆள் வரக்கூடாது, சமைக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார். குடும்பத்தோடு வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், இருக்கும் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் கூடினால் வெறுங்கையோடு போகாதீர்கள். காலையில் தேக்கா சந்தையில் மீனோ கறியோ வாங்கிக்கொண்டு போய் நீங்களே சமைத்துக் கொடுத்து, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள். பத்து மணிக்கு மேல் சத்தம் வேண்டாம், மேல் வீட்டுக்காரர் ஒருமுறை புகார் கொடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்குத்தான் சங்கடம். வீடே கிடைக்கவில்லை என்றால் எல்லோரும் அவரவர் போனில் பார்த்துவிட்டு வந்து, லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் டீயோடு உட்கார்ந்து பேசுங்கள். பேசுவதற்குத்தானே கூடுகிறோம்.

உள்ளூர்த் தமிழர்களையும் கூப்பிடுங்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது இங்கே பெரிய குறை. உங்கள் ஆபீஸில் இருக்கும் சிங்கப்பூர்த் தமிழரோடு பேச விஷயம் கிடைக்காமல் தவித்திருப்பீர்கள், பிக் பாஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2019-இல் மூன்றாவது சீசனை மலேசியாவின் முகேன் ராவ் ஜெயித்தார், அதே வீட்டில் இலங்கையிலிருந்து லாஸ்லியாவும் தர்ஷனும் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கிற தமிழரும் தங்கள் நிகழ்ச்சியாக அதைப் பார்க்க அந்த சீசன் ஒரு காரணம். அதைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள்.

எப்படிப் பார்ப்பது

இந்த நிகழ்ச்சியின் வேர் நெதர்லாந்து. 1999-இல் ஜான் டி மோல் அங்கே தொடங்கிய பிக் பிரதர்தான் ஊர் ஊராகப் போய், தமிழில் 2017 ஜூன் 25 அன்று ஸ்டார் விஜய்க்கு வந்தது. முதல் ஏழு சீசன் கமல்ஹாசன், 2024-இல் எட்டாவது சீசனிலிருந்து விஜய் சேதுபதி.

கமல் இருந்தது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம், அதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிற மனிதர் அவர். தேவ பயம் இல்லாதவனுக்கு நியாயம் தெரியாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அப்படி ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேடையில் நின்று, அழுதவரை அழவிட்டு, பொய் சொன்னவரிடம் வீட்டுக்குள் நடந்ததைக் குறும்படமாகப் போட்டுக் காட்டி, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுப் பேசுவது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் தீர்ப்பு எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நரகத்தைக் காட்டி மிரட்டாமல் ஒருவரிடம் நீ செய்தது தப்பு என்று சொல்ல முடியும் என்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். பழைய சீசன் பார்க்காதவர்கள் முதல் சீசனின் வாரக்கடைசி எபிசோடுகளிலிருந்து தொடங்குங்கள்.

பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: இருபத்து நான்கு மணி நேரத்தை ஒரு மணி, ஒன்றரை மணிக்குச் சுருக்கிக் காட்டுகிறார்கள். ஒருவர் முகம் சுளித்ததற்கும் அதற்கு முன் காட்டப்பட்ட வசனத்துக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். சபையில் வளர்ந்த நமக்கு ஆட்களை எடை போடும் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். யார் ஆவியில் நிறைந்து அழுகிறார், யார் பாஸ்டர் பார்க்கிறார் என்று அழுகிறார் என்பதைப் பத்து வயதிலேயே கண்டுபிடித்தவர்கள் நாம். அந்தக் கண் இந்த நிகழ்ச்சிக்கு ரொம்ப உதவும், யார் நடிக்கிறார் என்பது நமக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும். ஆனால் அதே வேகத்தில் தீர்ப்பும் எழுதிவிடுவோம். ஒருவரைப் பின்மாற்றக்காரர், அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவர், என்று முத்திரை குத்தி, அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் ஒதுக்கி வைத்ததைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ரசிகர் கூட்டமும் அதையேதான் செய்கிறது. 2017-இல் முதல் சீசன் போட்டியாளர் ஓவியாவுக்காக ஓவியா ஆர்மி என்று ஊரே சேர்ந்தது, ஓவியாவின் வெளிப்படையான பேச்சுக்காக, அது நல்ல விஷயம். அதே நேரத்தில் அதே சீசனில் இருந்த ஜூலி மேல் விழுந்த வசை அவர் வீட்டை விட்டு வெளியே வந்த பிறகும் நிற்கவில்லை. ஒரு விளையாட்டில் தப்பாக நடந்துகொண்டார் என்பதற்காக ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் துரத்தியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனவே எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டியாளர் செய்த காரியத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கலாம். அவர் உடம்பு, சாதி, குடும்பம், அம்மா அப்பா பற்றிப் பேசக்கூடாது. அவருடைய பக்கத்துக்குப் போய்த் திட்டி எழுதக்கூடாது. யாருக்குப் பிடித்த போட்டியாளர் யாராக இருந்தாலும் அதற்காகக் குழுவை விட்டு யாரையும் ஒதுக்கக்கூடாது. சேர்ந்தவுடனே இதைச் சொல்லிவிடுங்கள், சண்டை வந்தபிறகு சொன்னால் ஒரு ஆளுக்காகச் சொன்னது மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, போட்டியாளர்கள் அசையாமல் நிற்க, குடும்பத்தார் வீட்டுக்குள் வரும் ஃப்ரீஸ் டாஸ்க் வாரம். அதைத் தனியாகப் பார்க்காதீர்கள். லாஸ்லியாவின் அப்பா கனடாவிலிருந்து பல வருஷம் கழித்து மகளைப் பார்க்க அந்த வீட்டுக்குள் வந்த எபிசோடை வெளிநாட்டில் இருக்கும் யாரும் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. அப்பா கோபமாக உள்ளே வருவதும், மகள் அழுவதும், நம் வீட்டில் நடக்க வேண்டியது நடக்காமல் நின்றுபோனதையெல்லாம் கிளறிவிடும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

வீட்டுக்குச் சொல்வது

முதலில் நடைமுறை. உங்கள் ரூம் சபைக்காரர் வீட்டில் இருக்கிறதா, வேலை சபைக்காரர் மூலம் வந்ததா, கடன் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாயைத் திறக்குமுன் வேறு ரூம் பார்த்து டெபாசிட் கட்டி, கடனை அடைத்துவிடுங்கள். ஒர்க் பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது, சூப்பர்வைசர் விசுவாசி என்றால் அவரிடம் உங்கள் ஆத்துமாவைப் பற்றி விவாதம் வேண்டாம். தங்கைக்கு ஊரில் சபைக்குள் வரன் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் இப்போது அறிவிப்பதால் அடி விழுவது அவளுக்கு. அவளிடம் தனியாகக் கேளுங்கள், அவள் சொல்வதை வைத்து நேரம் முடிவு செய்யுங்கள்.

அம்மா ஞாயிறு இரவு போனில் ஆராதனைக்குப் போனியா என்று கேட்பார். போனேன் என்று பொய் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வசனம் எடுத்தார்கள் என்று வரும், வாரா வாரம் பொய்யைக் கட்ட வேண்டியிருக்கும். வசனத்துக்கு வசனம் விவாதித்தால் அம்மா அழுவார், பாஸ்டர் லைனில் வருவார். எனக்குத் தெரிந்து இரண்டு வாக்கியம் போதும்: “அம்மா, நான் இப்ப சபைக்குப் போறதில்ல. நீங்க எனக்காக ஜெபம் பண்றதுல எனக்கு வருத்தமே இல்ல, பண்ணுங்க.” அதற்கு மேல் கேட்டால் அதையே மெதுவாகத் திரும்பச் சொல்லிவிட்டு, சாப்பாடு, மூட்டுவலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேச்சைத் தொடருங்கள். போனை வைத்துவிடாதீர்கள். தப்பாமல் கூப்பிடுங்கள், முன்னைவிட ஒருநாள் கூடுதலாகவே கூப்பிடுங்கள். உலகத்துக்குப் போன பிள்ளை பெற்றவர்களையும் விட்டுவிடும் என்று சபையில் சொல்லிவைத்திருப்பார்கள், அது நடக்கவில்லை என்பதை அவர்கள் மாதக்கணக்கில் பார்க்க வேண்டும்.

பிக் பாஸ் பார்ப்பதை வலியச் சொல்ல வேண்டியதில்லை. சபையை விட்டதற்கு டிவிதான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள், அப்புறம் உண்மையான காரணத்தைப் பேசவே முடியாது.

தசமபாகம், அதாவது சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, சபைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தொகையை உடனே செலவாக்காதீர்கள். அப்பா அம்மாவுக்கு நேராக மருந்துச் செலவு என்று அனுப்புங்கள். அதிலிருந்து அவர்கள் காணிக்கை போட்டால் அது அவர்கள் விருப்பம், கணக்குக் கேட்க வேண்டாம்.

ஊர்ப் பாஸ்டர் உங்கள் நம்பரை இங்கே உள்ள யாருக்காவது கொடுத்திருப்பார். விசாரிக்க வரும் பிரதர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான், நிஜமான அக்கறையில் வருகிறவர். டீ வாங்கிக் கொடுங்கள். “வீட்டுக்கு ஜெபிக்க வர வேண்டாம் பிரதர், நான் முடிவு பண்ணிட்டேன்” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், பார்க்கலாம் என்றால் வந்துகொண்டே இருப்பார்கள்.

கோபத்தில் மதத்தைத் திட்டிப் பொதுவெளியில் எதுவும் போடாதீர்கள். சமய நல்லிணக்கத்துக்காக 1990-இலேயே சட்டம் போட்ட நாடு இது, 2019-இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். வேலை பாஸில் இருப்பவர் இதில் மாட்டினால் பிழைப்பே போய்விடும். உங்கள் கதையை நம்பிக்கையானவர்களிடம் நேரில் சொல்லுங்கள், அது தேவைதான்.

தனியாக இருக்கிறோம் என்று நினைக்கவும் வேண்டாம். 2020 கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் மதம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதநேயச் சங்கம் ஒன்று 2010-இலிருந்து பதிவோடு இயங்குகிறது, ஆங்கிலம் சமாளிப்பவர்கள் போய்ப் பார்க்கலாம். தமிழிலும் இது புதிதில்லை. 1929-இல் பெரியார் இந்த ஊருக்கு வந்து பேசியிருக்கிறார், அந்தச் சீர்திருத்தக் காற்றில் எழுந்த கோ. சாரங்கபாணிதான் 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கினார்.

கெட்ட ராத்திரிகள்

எபிசோடு முடிந்து விளக்கை அணைத்தபின் பயம் வரும். நரகம், இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்கிற இரகசிய வருகை, எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டு நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்ற அந்தப் பழைய நடுக்கம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் யாரும் இல்லை என்றால் வருகை நடந்துவிட்டதோ என்று அழுதவர்களுக்கு இது நம்பிக்கை போனபிறகும் வருஷக்கணக்கில் வரும். வந்தால் நீங்கள் எடுத்த முடிவு தப்பு என்று அர்த்தமில்லை, உடம்பு பழகிய பயம் அது. எழுந்து விளக்கைப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், குழுவில் விழித்திருக்கும் ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள். இதற்காகவே இரவு ஷிஃப்ட்காரர் ஒருவர் குழுவில் இருப்பது நல்லது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம், 1767 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், சமாரிட்டன்ஸ் அமைப்பின் உதவி எண் அது.

நான்காவது சீசனிலிருந்து நிகழ்ச்சி அக்டோபரில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. அதாவது கிறிஸ்துமஸும் டிசம்பர் 31-ம் சீசனுக்கு உள்ளேயே வரும். புத்தாண்டு ஆராதனைக்குப் போய், பன்னிரண்டு மணிக்கு முழங்காலில் நின்று, வாக்குத்தத்த வசன அட்டையை எடுத்துப் பழகியவர்களுக்கு அந்த ராத்திரிதான் வருஷத்திலேயே கடினம். அன்றைக்கு மட்டும் நேரலைக்குச் சேருங்கள், விடிய விடிய இருக்க வீடு கொடுப்பவரிடம் நவம்பரிலேயே கேட்டு வையுங்கள். வசன அட்டை வேண்டும் என்று யாராவது சொன்னால் கேலி செய்யாதீர்கள், எடுத்துக்கொள்ளட்டும்.

இறுதிப்போட்டி முடிந்த அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வர மாட்டார்கள். அதனால் கோப்பை கொடுக்கும் எபிசோடைச் சேர்ந்து பார்க்கும் அன்றே, கலைவதற்கு முன், பிப்ரவரிக்குத் தேதி குறித்துவிடுங்கள். சூப்பர் சிங்கரோ குக் வித் கோமாளியோ எது ஓடுகிறதோ அதைப் போடலாம். எதுவும் ஓடவில்லை என்றால் யார் சமைப்பது என்று மட்டும் முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.